பென்சில் நின்ற பக்கம்

போன செவ்வாய்க்கிழமை, அம்மாவின் ஊசி மருந்துக்காகக் காந்திபுரத்தில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடைக்குப் போயிருந்தேன். சீட்டைக் கொடுத்துவிட்டு நின்றபோது, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அடிக்கத் தொடங்கியது. இன்னமும் அதை வைத்திருக்கிறார்கள். அதன் அச்சுத் தலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கீச்சிட்டுக்கொண்டு ஓட, ஓரத்தில் துளை போட்ட காகிதம் வரி வரியாக மேலே ஏறி வந்தது. எனக்கு முழங்கையிலிருந்து சிலிர்த்துக்கொண்டு வந்தது. காகிதத்தில் என் பெயர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். இருந்தது. பில்லில் இருக்கத்தானே செய்யும். ஆனாலும் அலமாரியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, மயக்கமாட்டம் இருக்குதுங்களா? உக்காருங்க" என்று கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

உட்கார்ந்தேன். உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நீங்கள் போன பிறகு நடந்தது என்பதால் உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அதனால் எழுதுகிறேன்.

கோவை ராமநாதபுரத்தில் அந்த மாடி அலுவலகத்தில் நாம் சேர்ந்தது தொண்ணூற்று ஆறில். ஆறே பேர், நான்கு கணினி. மில்லுக்கும் பண்ணைக்கும் புரோகிராம் எழுதிக் கொடுக்கிற சின்னக் கம்பெனி. நான் கருமத்தம்பட்டி, அப்பாவுக்குச் சொந்தத் தறி. நீங்கள் கிணத்துக்கடவு, அப்பா யாரோ ஒருவருடைய தென்னந்தோப்பில் வேலை செய்பவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு மாலை பஸ்ஸில் விடுதிக்குத் திரும்புவீர்கள். நம் இரண்டு பேருக்கும் மேசை பக்கத்துப் பக்கத்தில்.

அந்தப் புத்தகத்தை உக்கடம் பழைய புத்தகக் கடையில் எடுத்து வந்தீர்கள். அறுநூறு பக்கத்துக்கு மேல். முதுகு கிழிந்து, ஏதோ ஒரு நூலகத்தின் முத்திரையைச் சுரண்டி எடுத்த தடத்தோடு இருந்தது. கணினி அறிவியலில் அதற்குப் பெரிய பெயர் என்று நமக்குப் பாடம் நடத்தியவர்கள் சொல்வார்கள். அவர்கள் யாரும் அதை முழுக்கப் படித்ததில்லை என்பதும் நமக்குத் தெரியும். திறந்த பக்கமெல்லாம் கணிதம். ஒரு சின்ன வேலையைச் செய்யும் ஏழெட்டு வரி, அந்த வரிகள் ஒருபோதும் தவறாது என்பதற்கு நான்கு பக்க நிரூபணம், கடைசியில் கல்லைக் கடிப்பதுபோல் பயிற்சிக் கணக்குகள். நீங்கள் அதற்குப் பழுப்பு அட்டை போட்டு, மதியச் சாப்பாட்டு வேளையில் நாளைக்கு ஒரு பக்கம் என்று ஆரம்பித்தீர்கள். சில நாள் அரைப் பக்கம்.

அந்த வருடம் அலுவலகத்தில் எல்லோரும் அமெரிக்கா போவதற்கு என்ன படிக்க வேண்டுமோ அதைப் படித்துக்கொண்டிருந்தோம். நானும்தான்.

"இதைப் படிச்சு என்னங்க பண்றது? இன்டர்வியூல கேப்பாங்களா?" என்று கேட்டேன்.

"கேக்க மாட்டாங்க."

"அப்பறம் எதுக்குங்க?"

நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தீர்கள். "புரோகிராம் ஓடுதுங்கறது வேறங்க. அது தப்பாதுன்னு நமக்குத் தெரியறது வேற. எனக்கு ரெண்டாவது வேணும்."

நம் முதலாளி அதைக் கேட்டுச் சிரித்தார். அவரை நாம் 'சார்' என்போம். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதுங்க அம்மணி. நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள கம்ப்யூட்டரே வேற மாதிரி ஆயிப்போயிருக்கும்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. உங்களைப் பாதி கேலியாகவும் பாதி எரிச்சலோடும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எரிச்சலில் பொறாமை இருந்தது என்பதை இன்றைக்குச் சொல்லலாம். உங்களால் ஒரே பக்கத்தின் முன்னால் இரண்டு நாள் பொறுமையாக உட்கார முடிந்தது.

அடுத்த வருடம் பல்லடம் பக்கத்தில் ஒரு கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்துக்குப் புரோகிராம் எழுதும் வேலை உங்களுக்கு வந்தது. முட்டைகளை அடைவைக்கும் பெரிய பெட்டிகள் அங்கே வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் முட்டை. உள்ளே சூடு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் அத்தனையும் போய்விடும். ஒவ்வொரு பெட்டியின் சூட்டையும் கணினி அளந்துகொண்டிருக்க வேண்டும், அளவு தப்பினால் எச்சரிக்கையைப் பிரிண்டரில் அடித்து மணியையும் ஒலிக்க வேண்டும். ஒரு தடவை என்னையும் துணைக்கு அழைத்துப் போனீர்கள்.

உரிமையாளர் தங்கவேலு நல்ல மனிதர்தான். வாசலில் நிற்க வைத்து ஊரை விசாரித்தார். என் அப்பாவுக்குத் தறி என்றதும், "அட, நம்ம பக்கந்தானுங்க" என்றார். உங்கள் அப்பாவைக் கேட்டார். "தோப்புல வேலைங்க" என்றீர்கள். ஒரு மூச்சு நேரம் பேச்சு நின்று மறுபடி ஓடியது. அவ்வளவுதான். நீங்களும் நானும் அதைக் கவனித்தோம். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

உள்ளே பகல் பதினோரு மணிக்கும் இருட்டு. ஜன்னல் கிடையாது. தாழ்வாரத்தில் மங்கலான ஒரு பல்பு. ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. இரண்டு பக்கமும் ஆளுயரப் பெட்டிகள் ஒரே சுருதியில் ரீங்கரித்தன. அங்கே மேற்பார்வை செய்துகொண்டிருந்த மரகதம் அக்கா ஒரு பெட்டியின் கதவைத் திறந்ததும், ஈரமும் வெதுவெதுப்புமாக யாரோ முகத்தில் மூச்சு விட்டதுபோல் இருந்தது.

"இது நாளைக்குப் பொரிக்கறதுங்க. சத்தம் போடாம கேளுங்க" என்றார் அக்கா.

கேட்டோம். ஓடு ஒன்றுகூட உடையவில்லை. ஆனால் எல்லாத் தட்டுகளிலிருந்தும், மூடிய முட்டைகளுக்குள்ளிருந்து, கீச்கீச் என்று மிக மெல்லிய குரல்கள். ஆயிரம் குரல்கள், ஒரு வாய்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. நீங்கள் ஒரு முட்டையை எடுத்துக் காதருகில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றீர்கள்.

"ஒண்ணு கூப்புட்டா இன்னொண்ணு பதில் சொல்லுதுங்க. ஒண்ணை ஒண்ணு பாத்ததே இல்ல" என்றீர்கள்.

திரும்பி வந்த பிறகு, அலுவலகத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் தேநீர் குடித்தபடி அந்தப் புரோகிராமின் உள்ளடக்கத்தை எனக்குச் சொன்னீர்கள். எச்சரிக்கைகள் வந்த வரிசைப்படி காத்திருந்து அச்சாக வேண்டும். அதற்கு வட்டமாக ஒரு வரிசை வைத்திருந்தீர்கள்.

"வட்டமா எட்டு நாற்காலி போட்டிருக்குதுன்னு வெச்சுக்குங்க. வர்றவங்க ஒவ்வொருத்தரா அடுத்தடுத்து உக்கார்றாங்க. மொதல்ல வந்தவங்க மொதல்ல எந்திரிச்சுப் போறாங்க. நம்மகிட்ட ரெண்டே குறிப்பு. அடுத்து எந்திரிக்கறது எந்த நாற்காலி, அடுத்து உக்கார்றது எந்த நாற்காலி. ரெண்டும் ஒரே நாற்காலியா இருந்தா என்னங்க அர்த்தம்?"

"யாருமே இல்லைன்னு அர்த்தம்."

"எட்டுப் பேரும் நெறைஞ்சு உக்காந்திருந்தாலும் அப்படித்தானுங்க இருக்கும். கூட்டம் நெரியும், நம்ம கண்ணுக்கு யாருமே இல்லாத மாதிரி தெரியும். அதனால ஏழு பேருக்கு மேல உடக்கூடாது. ஒரு நாற்காலி எப்பவும் காலியாவே இருக்கோணும்."

நான் சிரித்தேன். "ஒரு நாற்காலிய வீணாப் போட்டு வெக்கறதுக்கா அறுநூறு பக்கம்?"

நீங்களும் சிரித்தீர்கள். "நீங்க இப்படிச் சொல்லுவீங்கன்னு தெரியுமுங்க" என்றீர்கள்.

மழைக்காலத்தில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை தலைவலி என்று சீக்கிரம் கிளம்பினீர்கள். திங்கள்கிழமை மருத்துவமனையில் இருந்தீர்கள். மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். புதன்கிழமை நான் வந்தபோது கண் திறந்திருந்தது, என்னைத் தெரியவில்லை. வியாழன் மதியம் எல்லாம் முடிந்தது. கிணத்துக்கடவில் தென்னைகளுக்கு நடுவே இருந்த அந்தக் கல்லறைத் தோட்டத்தில் மழை விட்ட நேரத்தில் உங்களை இறக்கினார்கள். இருபத்து நான்கு வயது.

உங்கள் மேசையைச் சார் என்னிடம் ஒப்படைத்தார். நெகிழ்வட்டுகள், ஒரு சீப்பு, பழுப்பு அட்டைப் புத்தகம். "பல்லடம் வேலையை இனி நீங்க பாத்துக்குங்க" என்றார். புத்தகத்தை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

தை கழிந்ததும் தங்கவேலு புதிதாக நான்கு பெட்டிகள் இறக்கினார். அவற்றையும் சேர்த்துப் புரோகிராமை மாற்ற வேண்டும். நான் உங்கள் வரிகளைத் திறந்தேன். முழுக்கப் படிக்கவில்லை. வேண்டிய இடத்துக்கு மட்டும் போனேன். அந்த வட்ட வரிசையில் ஒரு இடம் எப்போதும் காலியாக விடப்பட்டிருப்பதைப் பார்த்தேன். பேக்கரியில் நீங்கள் சொன்னது நினைவுக்கு வரத்தான் செய்தது. ஆனால் பெட்டிகள் கூடிவிட்டன, இடம் வேண்டும், இத்தனை எச்சரிக்கை ஒரே நேரத்தில் வரவா போகிறது என்று நினைத்தேன். ஒரு வரியைத் திருத்தினேன். காலி இடமும் நிரம்பலாம் என்று ஆக்கினேன். ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை.

பிறகு பங்குனி வெயிலில் ஒரு நாள், மதியம் இரண்டு மணிக்கு மரகதம் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் அடங்கியிருந்தது.

"அம்மணி, உங்க பேரு என்னங்க?"

"சுமதிங்க அக்கா. ஏனுங்க?"

"அதான் கேட்டேன். இங்க உங்க பேரைப் போட்டு அடிச்சுட்டே இருக்குதுங்க. நீங்க வந்திருக்கறதாச் சொல்லுது. நீங்க வரலியே?"

அடுத்த பஸ்ஸில் ஏறினேன். போய்ச் சேரும்போது மூன்றே முக்கால். அக்கா மணியை மட்டும் நிறுத்தியிருந்தார். பிரிண்டரைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. அது நிமிடத்துக்கு ஒரு தடவை அடித்துக்கொண்டிருந்தது. காகிதம் மேசையிலிருந்து வழிந்து தரையில் மடிப்பு மடிப்பாகக் குவிந்திருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ், எல்லாம் பெரிய எழுத்து. எடுத்துப் படித்தேன்.

"இது நடக்க முடியாது. நடந்திருந்தால் சுமதி வந்திருக்காங்க. அவங்களைக் கூப்புடுங்க."

அதற்குக் கீழே அதே வரி. அதற்குக் கீழேயும் அதே. குவியலின் அடிவரைக்கும் அதே. நான் கையில் பிடித்திருக்கும்போதே பிரிண்டர் தலை ஓடி வந்து இன்னொரு முறை அடித்தது. நான் வந்துதான் இருந்தேன்.

நீங்கள் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்தக் கணினி அறைக்கு வெளியே பெட்டிகள் ரீங்கரித்துக்கொண்டிருந்தன. திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. வெட்கப்பட ஒன்றுமில்லை, அப்போது நான் நம்பினேன். எனக்குப் பின்னால் நீங்கள் நிற்கிறீர்கள் என்று நம்பினேன்.

நடந்தது என்னவென்று அக்கா சொன்னார். மதியம் மின்சாரம் போய்ப் போய் வந்திருக்கிறது. ஏழெட்டுப் பெட்டிகள் ஒரே சமயத்தில் அளவு தப்பி, எச்சரிக்கைகள் குவிந்திருக்கின்றன. மூன்றாவது பெட்டியில் விசிறியின் பெல்ட் அறுந்திருக்கிறது. பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த கணினியின் திரையிலோ எல்லாம் சரி என்று இருந்திருக்கிறது.

"டிவி நல்லாருக்குதுங்குது, காகிதம் உங்களைக் கூப்புடச் சொல்லுது, மணி நிக்காம அடிக்குது. எதைங்க நம்பறது? சரின்னு ஒவ்வொரு பெட்டியாக் கதவைத் தொறந்து கைய உட்டுப் பாத்தேன். மூணாவதுல கை வெக்க முடியில."

அந்தப் பெட்டியில் மேல் தட்டுகள் நான்கு போயின. மற்றவை பிழைத்தன. மணி அடிக்காமல் இருந்திருந்தால், திரையை நம்பி மாலை வரைக்கும் யாரும் உள்ளே போயிருக்க மாட்டார்கள்.

மறுநாள் அலுவலகத்தில் உங்கள் வரிகளை முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். வரிசை காலி என்று சொல்லும்போதெல்லாம், உண்மையிலேயே காலிதானா என்று தனியாக எண்ணிப் பார்த்து ஒப்பிடும் ஒரு சோதனையை வைத்திருந்தீர்கள். இரண்டும் ஒத்துப்போகாமல் இருக்கவே முடியாது. அப்படியும் ஒத்துப்போகவில்லை என்றால் மணி, பிறகு அந்த வரி. அந்த வரியை எழுதிய நாள் உங்கள் நெகிழ்வட்டில் பதிந்திருந்தது. உங்களுக்குக் காய்ச்சல் வருவதற்கு ஐந்து வாரம் முன்னால். அப்போது அந்த வேலைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

தங்கவேலு கோபமாகச் சாரைக் கூப்பிட்டுப் பேசினார். சார் என்னைக் கேட்டார். "என்னங்க ஆச்சு?" எனக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது, ஆனால் நிச்சயமாகத் தெரியவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். "பாக்கோணுங்க சார்" என்றேன்.

"பாக்கறதுக்கு என்னங்க இருக்குது? அந்தப் பொண்ணு எந்நேரமும் அந்தப் புக்கை வெச்சுட்டு என்னத்தையோ நோண்டிட்டு இருந்துச்சு. புரோகிராமுக்குள்ள வெளையாட்டா ஆள் பேரெல்லாம் எழுதி வெச்சிருக்குது. போயிருச்சு, பாவம், இப்பச் சொல்லக்கூடாது" என்றார். ஆனால் சொன்னார். பொரிப்பகத்துக்கு ஒரு கடிதம் போனது. முன்பு பணிபுரிந்த ஊழியரின் கவனக்குறைவால் ஏற்பட்ட பிழை, புதிதாக எழுதித் தருகிறோம் என்று. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான்.

தறிக்காரர் மகளின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தோப்பில் வேலை செய்பவரின் மகள், அதுவும் இறந்துபோனவள், தப்பு செய்திருப்பாள் என்று நம்புவது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. எனக்கும் வசதியாக இருந்தது.

அன்று இழுப்பறையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். படிக்க ஆசைப்பட்டு அல்ல. உங்கள் மேலேயும் ஒரு தப்பு இருந்துவிட்டால் நான் தூங்கலாம் என்றுதான்.

வட்ட வரிசை வரும் அத்தியாயத்தைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. நான் தங்கியிருந்த விடுதி அறையில், காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை படித்தேன். முதல் நாளே கவனித்தேன், ஓரங்களில் பென்சிலால் எழுதியிருந்தீர்கள். சில இடங்களில் 'சு' என்று போட்டு ஒரு கேள்வி. அதற்குக் கீழே பதில். சு யார் என்று புரிய எனக்கு ஒரு பக்கம் கூடத் தேவைப்படவில்லை. மதியச் சாப்பாட்டில் நான் உங்களைக் கிண்டலாகக் கேட்டவை அங்கே இருந்தன. "சு: இன்டர்வியூவில் கேட்பார்களா?" என்றுகூட ஓரிடத்தில் இருந்தது. சிரித்தேன்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ சிரிப்பு நின்றது. முதல் படியில் சரி, ஒரு படியில் சரியென்றால் அடுத்த படியிலும் சரி, ஆகவே எல்லாப் படியிலும் சரி என்று நிரூபிக்கும் இடம் அது. எனக்கு ஒப்பவில்லை. பத்தாவது படி வரைக்கும் சரி, பதினோராவதுக்கு யார் ஜாமீன் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். ஓரத்தில் இருந்தது. "சு: பதினோராவதுக்கு யார் ஜாமீன்?" கீழே, "படியை எண்ணாதீங்க. ஏறுற காலைப் பாருங்க."

இதை நான் உங்களிடம் கேட்டதே இல்லை. அந்தப் பகுதியை நான் வாழ்நாளில் அன்றுதான் முதன்முறை பார்க்கிறேன். ஜாமீன் என்ற சொல்கூட என்னுடையது. புத்தகத்தை மூடி வைத்தேன். விடிந்து வெளிச்சம் வந்திருந்தது, கீழே பால்காரரின் சைக்கிள் மணி கேட்டது, ஆனாலும் அறையில் தனியாக இருக்க முடியாமல் வராந்தாவுக்கு வந்து நின்றேன். அதற்குப் பிறகும் அப்படி நடந்தது. ஒவ்வொரு தடவையும் இல்லை. எப்போது நடக்கும் என்று தெரியாததுதான் மோசம்.

வட்ட வரிசை வரும் பக்கத்தில், "சு: ஒரு இடம் ஏன் வீண்?" என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். பதில் எழுதவில்லை. இடம் விட்டிருந்தீர்கள். அந்த இடத்தில் நான்தான் எழுத வேண்டியிருந்தது. நான் திருத்திய வரியையும் உங்கள் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புத்தகம் சொல்லிக் கொடுத்த முறையில் ஒவ்வொரு படியாக நிரூபித்துப் பார்த்தேன். உங்கள் வரி எந்த நிலையிலும் தவறாது. என்னுடையது வரிசை நிரம்பும் அந்தக் கணத்தில் பொய் சொல்லும். சந்தேகத்துக்கு இடமே இல்லை. அதுவரை எனக்கு 'தெரியும்' என்ற சொல்லுக்கே அர்த்தம் தெரிந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். "முடிஞ்ச கதைங்க, உடுங்க" என்றார். தனியாகப் பல்லடம் போனேன். தங்கவேலுவிடம், "அது அவங்க தப்பில்லீங்க. நான் மாத்துனது. அவங்க வெச்ச சோதனைதான் உங்க முட்டையைக் காப்பாத்துச்சு. அந்தக் கடிதமும் பொய்யுங்க, நான்தான் அடிச்சேன்" என்று சொன்னேன்.

அவர் நெடுநேரம் தாளைப் பார்த்தார். அதில் அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. "அந்தப் புள்ள ஊட்டுக்குப் போயிச் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"அங்க சொல்லுங்க மொதல்ல. எனக்கென்ன, நாலு தட்டு முட்டை" என்றார். பிறகு உள்ளே போய் அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

உங்கள் வீட்டில் அம்மா மட்டும் இருந்தார்கள். அந்தக் கடிதத்தைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத ஒரு பழியைச் சொல்லி, அது பொய் என்றும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கதானுங்களா சுமதி?" என்றார்கள்.

"ஆமாங்க அம்மா."

"ஞாயித்துக்கெழமை வந்தா அந்தப் பொஸ்தகத்தை வெச்சுட்டு உங்களோட பேசிட்டே இருப்பாளுங்க அம்மணி. சத்தமாப் பேசுவா. நீங்க கேக்கற மாதிரி ஒண்ணு கேப்பா, அப்பறம் அவளே பதில் சொல்லுவா. ஒரு நாளு நெசமாலுமே நீங்க வந்திருக்கீங்கன்னு நெனச்சு ரெண்டு டம்ளர்ல காப்பி கொண்டாந்து வெச்சுப்போட்டேன். அவளும் ரெண்டையும் வாங்கி வெச்சுட்டா."

நான் கிளம்பும்போது அம்மாவிடம் புத்தகத்தை நீட்டினேன். அவர்கள் வாங்கவில்லை. "நீங்களே வெச்சுக்குங்க. பாதில நிக்குதுன்னு சொல்லிட்டு இருந்தா" என்றார்கள்.

இரண்டு மாதத்தில் அந்தக் கம்பெனியை விட்டேன். அமெரிக்கா போகவில்லை. இந்த ஊரிலேயே வேறு வேறு இடங்களில் வேலை பார்த்தேன். சார் சொன்னதுபோலக் கணினி அடியோடு மாறிப்போனது, ஒரு தடவை அல்ல, நாலைந்து தடவை. புத்தகத்தை முடிக்க எனக்குப் பதினோரு வருடம் பிடித்தது. அதில் முக்கால்வாசியை ஒரு நாளும் வேலையில் பயன்படுத்தியதில்லை. சில கணக்குகள் இன்றுவரை எனக்கு வசப்படவில்லை. அலுவலகத்தில் யாராவது அந்தப் புத்தகத்தைப் பற்றி, "அதைப் படிக்கறது வொர்த்துங்களா?" என்று கேட்பதுண்டு. வேலை கிடைப்பதற்கென்றால் வேண்டாம் என்பேன். நாம் எழுதியதை நாமே நம்பாமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது என்பேன். அதற்கு மேல் சொல்வதில்லை.

உங்களை எண்ணும்போது இன்றும் ஒன்றை என்னால் தீர்த்துக்கொள்ள முடியவில்லை. அந்த வரியில் என் பெயரை ஏன் வைத்தீர்கள்? அந்த நாற்காலியை வீண் என்று நினைக்கப்போவது நான்தான் என்று தெரிந்தா? இல்லை, எதிர்பாராதது நடந்தால் கூப்பிட உங்களுக்கு வேறு பெயர் தோன்றவில்லையா? முதலாவதாக இருந்தால் நீங்கள் என்னை முழுக்கப் படித்திருந்தீர்கள். இரண்டாவதாக இருந்தால் நான் அதற்குத் தகுதியாக இருக்கவில்லை. இரண்டில் எது என்று நிரூபிக்க என்னிடம் வழியில்லை.

உங்கள் பென்சில் இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தோடு நிற்கிறது. கடைசிக் குறிப்பில் "சு:" என்று மட்டும் இருக்கிறது. கேள்வியை எழுதவில்லை. காய்ச்சல் வந்த அந்த வெள்ளிக்கிழமையாக இருக்கலாம். அந்தப் பக்கத்தின் முன்னால் எத்தனையோ காலை உட்கார்ந்து, நான் என்ன கேட்டிருப்பேன் என்று யோசித்திருக்கிறேன். ஒன்றும் தோன்றியதில்லை. ஒருவழியாகத் துணிந்து பக்கத்தைத் திருப்பினேன். அங்கிருந்து ஓரங்கள் வெள்ளையாக இருந்தன. இனி தனியாகத்தான் போக வேண்டும் என்று நினைத்தேன்.

ஆனால் கேள்விகள் நிற்கவில்லை. புத்தகம் முடிந்த பிறகும் நிற்கவில்லை. இப்போதும் ஒரு வரியை எழுதிவிட்டு, ஓடுகிறது, போதும் என்று எழுந்திருக்கும்போது உள்ளுக்குள் ஒன்று கேட்கிறது. "அது தப்பாதுன்னு தெரியுமுங்களா?"

ஒவ்வொரு முறையும் மறுபடி உட்கார்கிறேன். இத்தனை வருடமாக அது என் மனசாட்சி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நான் என்னோடு பேசிக்கொள்ளும்போது 'ங்க' போடுவதில்லை.